ஜி7 பிஷப்பின் பலம் மத்தியில் முடிவாகிறது

கருப்பு ஜி6 ஆடி, பிஷப்பை ஜி7இல் வைத்து, கோட்டையும் கட்டிவிட்டால், வெள்ளை ஆடுபவர்களில் பலருக்கு அடுத்த மூன்று நகர்த்தல்கள் யோசனையே இல்லாமல் வந்துவிடுகின்றன: பிஷப் இ3, ராணி டி2, பிஷப் எச்6. ஃபியான்கெட்டோ என்றாலே அந்தப் பிஷப்பைத் தேடிப்போய் வெட்டிவிட வேண்டும், வெட்டிய கையோடு எச் சிப்பாயை ஓட்ட வேண்டும் என்ற பாடம் ஆடத் தொடங்கிய சில மாதங்களிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. சில நிலைகளில் இந்தப் பாடம் சரி. பல நிலைகளில் தவறு. சில நிலைகளில் எதிராளிக்கு நாமே வலியச் செய்துகொடுக்கும் உதவி. எது எந்த நிலை என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். இந்த அத்தியாயம் முன்வைக்கும் அளவுகோல் இதுதான்: ஜி7 பிஷப்பின் மதிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை டி4, இ5 ஆகிய இரண்டு கட்டங்களில் நிற்கிற, அல்லது நிற்காத, சிப்பாய்கள். ஆகவே வெள்ளை முதலில் எடுக்க வேண்டியது மத்தியைப் பற்றிய முடிவு. பிஷப்பை என்ன செய்வது என்பது அதிலிருந்து பிறக்கும் இரண்டாவது முடிவு. இந்த வரிசை மாறினால் நல்ல நகர்த்தல்கள்கூடப் பொருந்தாத இடத்தில் போய் வீணாகும்.

முதலில் அந்தப் பிஷப் செய்யும் வேலையைப் பார்ப்போம். ஜி சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறியதால் எஃப்6, எச்6 ஆகிய இரண்டு கருங்கட்டங்களும் சிப்பாயின் காவலில் ஒரு பங்கை இழக்கின்றன. அந்தக் காவலை ஏற்றுக்கொள்வது பிஷப். இது அதன் தற்காப்பு வேலை. ஏ1இலிருந்து எச்8 வரை ஓடும் நீண்ட மூலைவிட்டத்தில் இ5, டி4, சி3, பி2 ஆகிய கட்டங்களைத் தூரத்திலிருந்து அழுத்துவது அதன் தாக்குதல் வேலை. இரண்டு வேலைகளுக்கும் ஒரே காய் என்பதுதான் ஃபியான்கெட்டோவின் சிக்கனம். வெள்ளையின் வாய்ப்பும் அங்கேதான் இருக்கிறது. தாக்குதல் வேலையை மத்தியச் சிப்பாய்களால் நிறுத்திவிட்டால், எஞ்சுவது ராஜாவின் பக்கத்தில் நிற்கும் ஒரு காவலாள் மட்டுமே. அந்தக் காவலாளை அகற்ற நாம் காலத்தைச் செலவிட வேண்டுமா, அல்லது அவரை அங்கேயே நிற்கவிட்டுப் பலகையின் மறுபக்கத்தில் ஒரு காய் கூடுதலாக இருப்பதுபோல் ஆட வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் பொருள்படும்.

ஃபியான்கெட்டோ அமைப்பை வளர்த்தெடுத்தவர்களின் எண்ணமும் இதையே காட்டுகிறது. 1920களில் ரிச்சர்ட் ரெட்டி, ஆரோன் நிம்சோவிச், எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் போன்றோர் முன்வைத்த கருத்து, மத்தியைச் சிப்பாய்களால் நிரப்புவதும் மத்தியை ஆள்வதும் ஒன்றல்ல என்பது. எதிராளி சிப்பாய்களை மத்தியில் கொண்டுவந்து நிறுத்தட்டும், அவற்றைத் தூரத்திலிருந்து காய்களால் தாக்கி, காப்பாற்றும் சுமையை அவர் தலையில் ஏற்றலாம் என்றார்கள். 1924இல் நியூயார்க் போட்டியில் ரெட்டி இரண்டு பிஷப்புகளையும் ஓரங்களில் வைத்து ஆடி, அன்றைய உலகச் சாம்பியன் கபாபிளாங்காவை வென்றது இந்தக் கருத்துக்குப் பெரும் சான்றாக அமைந்தது. ஆக, ஜி7 பிஷப் என்பது ராஜாவைப் பாதுகாக்க வந்த கருவி என்பதைவிட, நம் மத்தியைக் கேள்வி கேட்க வந்த கருவி. அது மத்தியில் கேட்கும் கேள்விக்கு எச்6இல் போய்ப் பதில் சொல்வது பொருந்தாது.

மூடிய மத்தி: நல்ல பிஷப்பைக் கொடுத்துக் கெட்ட பிஷப்பை வாங்காதீர்கள்

கிங்ஸ் இந்தியன் தற்காப்பின் முதன்மை வழியை எடுத்துக்கொள்வோம். 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 ஜி6 3.குதிரை சி3 பிஷப் ஜி7 4.இ4 டி6 5.குதிரை எஃப்3, கருப்பு கோட்டை 6.பிஷப் இ2 இ5 7.வெள்ளை கோட்டை, குதிரை சி6 8.டி5 குதிரை இ7. இப்போது மத்தி பூட்டப்பட்டுவிட்டது. கருப்பின் டி6, இ5 சிப்பாய்கள் இரண்டும் கருங்கட்டங்களில் நிற்கின்றன. ஜி7 பிஷப்பும் கருங்கட்டப் பிஷப். தன் மூலைவிட்டத்தில் தன் சிப்பாயே குறுக்கே நிற்பதால் அது நம் சி3, பி2 கட்டங்களைப் பார்க்க முடியாது. வெள்ளையின் சி4, டி5, இ4 சிப்பாய்களோ வெண்கட்டங்களில் இருக்கின்றன. அதனால் நம் இ2 பிஷப்புக்குத்தான் இடமில்லை. சி1இலிருந்து வெளிவரும் கருங்கட்டப் பிஷப் நம் நல்ல பிஷப். இந்த நிலையில் பிஷப் எச்6 ஆடிப் பரிமாறினால் நம் நல்ல பிஷப்பைக் கொடுத்து எதிராளியின் கெட்ட பிஷப்பை வாங்கியவர்களாவோம். இதே அமைப்பில் கருப்பே வாய்ப்புக் கிடைக்கும்போது பிஷப்பை எச்6க்குக் கொண்டுவந்து பரிமாற முயல்வதைப் பல ஆட்டங்களில் காணலாம். எதிராளி தேடி அலையும் பரிமாற்றத்தை நாமே முன்வந்து தருவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

காரணம் இல்லையென்றால் செய்ய வேண்டியது என்ன? பூட்டிய மத்தியில் இரு தரப்பின் சிப்பாய்ச் சங்கிலிகளும் எந்தத் திசையைக் காட்டுகின்றனவோ அந்தத் திசையில் ஆடுவது. வெள்ளையின் சங்கிலி ராணிப் பக்கத்தைக் காட்டுகிறது. ஆகவே சி5 தள்ளி டி6 என்ற அடித்தளத்தை இடிப்பதே இயற்கையான திட்டம். கருப்பின் சங்கிலி ராஜாப் பக்கத்தைக் காட்டுகிறது. அதனால் எஃப்5, எஃப்4, ஜி5, ஜி4 என்று சிப்பாய்கள் நம் ராஜாவை நோக்கி வரும். 1953ஆம் ஆண்டின் மார் டெல் பிளாட்டா போட்டியின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த வழியில் 9.குதிரை இ1 குதிரை டி7 10.குதிரை டி3 எஃப்5 11.பிஷப் டி2 குதிரை எஃப்6 12.எஃப்3 எஃப்4 13.சி5 ஜி5 என்று ஆட்டம் போகும்போது, ஜி7 பிஷப்பின் கதி என்னவாகிறது என்பதைக் கவனியுங்கள். கருப்பு யானையை எஃப்7க்குக் கொண்டுவந்து, பிஷப்பை எஃப்8க்குப் பின்வாங்கி, அதை டி6 சிப்பாயின் காவலுக்கு வைத்து, யானையை ஜி7க்கு மாற்றுகிறது. தாக்குதலின் அடையாளமாக நாம் அஞ்சிய காய் கடைசியில் ஒரு சிப்பாய்க்குக் காவல் நிற்கிறது.

அப்படியானால் கருப்பின் தாக்குதலை நடத்துவது எந்தக் காய்? இன்னும் சி8இல் அசையாமல் இருக்கும் வெண்கட்டப் பிஷப். ஜி4 தள்ளுதலுக்குத் துணை நிற்பதும், தக்க நேரத்தில் எச்3இல் தன்னைத் தியாகம் செய்து ராஜாவின் காப்பை உடைப்பதும் அதுதான். இதைப் புரிந்துகொண்ட வெள்ளை ஆட்டக்காரர்கள் குதிரையை பி5க்கும் அங்கிருந்து ஏ7க்கும் அனுப்பி, பல நகர்த்தல்களைச் செலவிட்டாவது சி8 பிஷப்பை வெட்டுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், பலமுறை நகர்ந்த குதிரையைக் கொடுத்து ஒருமுறைகூட நகராத பிஷப்பை வாங்கும் விசித்திரமான பேரம். அந்தப் பிஷப் இல்லாமல் கருப்பின் தாக்குதல் வலுவிழக்கும் என்று தெரிந்தவருக்கு அது நியாயமான விலை. 9.பி4 என்ற பயோனெட் வழியிலும் இதே சிந்தனை தெரிகிறது. 9...குதிரை எச்5க்கு 10.யானை இ1 ஆடி, எஃப்4க்கு வரும் குதிரையிடமிருந்து பிஷப்பை எஃப்1க்கு விலக்க இடம் ஒதுக்கப்படுகிறது. கருப்பு எஃப்5 ஆடியதும் நம் குதிரை ஜி5க்குப் போய் இ6ஐக் குறிவைக்கிறது. இ6இல் அமரும் குதிரையை வெட்டக் கருப்பு கொடுக்க வேண்டியது பெரும்பாலும் அந்த சி8 பிஷப்பைத்தான். விளாதிமிர் கிராம்னிக் 1990களில் இந்த வழியைக் கூர்மைப்படுத்தி, 1997இல் நோவ்கோரோதில் கஸ்பரோவையே வென்றார். கிங்ஸ் இந்தியனைப் பல ஆண்டுகள் தன் முக்கிய ஆயுதமாக வைத்திருந்த கஸ்பரோவ் அதன் பிறகு அதை ஏறக்குறைய ஒதுக்கிவைத்தார்.

மத்தியை இன்னும் முன்னதாகவே, ஏழாவது நகர்த்தலிலேயே டி5 ஆடிப் பூட்டுவது பெட்ரோசியன் முறை. 1963 முதல் 1969 வரை உலகச் சாம்பியனாக இருந்த டிக்ரான் பெட்ரோசியனின் பெயர் இதற்கு நிலைத்ததில் வியப்பில்லை. எதிராளியின் திட்டம் பிறக்கும் முன்பே அதைத் தடுப்பது அவர் ஆட்டத்தின் இயல்பு. இந்த முறையில் கருங்கட்டப் பிஷப் ஜி5க்குச் சென்று எஃப்6 குதிரையைக் கட்டிப்போடுகிறது. குதிரை விலகினால்தான் எஃப் சிப்பாய் நகர முடியும். ராணியின் முன்னால் நிற்பதால் குதிரை எளிதில் விலக முடியாது. எச்6 ஆடி பிஷப்பைக் கேட்டால் அது எச்4க்குப் பின்வாங்கிக் கட்டைத் தொடர்கிறது. இங்கே நம் நல்ல பிஷப் ஜி7 பிஷப்பைத் தொடவே இல்லை. கருப்புக்குத் தேவையான எஃப்5 தள்ளுதலைத் தாமதப்படுத்தும் வேலையைச் செய்கிறது. பரிமாற்றத்தில் கிடைக்கக்கூடியதைவிட இது பெரிய லாபம்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதலாவது, மூடியதும் செத்ததும் ஒன்றல்ல. இ5 சிப்பாயின் பின்னால் பிஷப் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஏழாவது நகர்த்தலில் டி சிப்பாயால் இ5ஐ வெட்டி, கருப்பு திரும்ப வெட்டி, ராணிகளும் டி8இல் பரிமாறப்பட்ட பிறகு, இலவசமாகக் கிடைக்கிறது என்று எண்ணி குதிரையால் இ5 சிப்பாயை எடுத்தால், எஃப்6 குதிரை இ4 சிப்பாயை வெட்டும். நாம் அந்தக் குதிரையை வெட்டினால், திறந்துவிட்ட மூலைவிட்டத்தில் ஜி7 பிஷப் வந்து இ5 குதிரையை வெட்டும். சிப்பாய் லாபம் என்று தொடங்கியது சமநிலையில் முடியும். அதே பரிமாற்றத்தில் இன்னொரு பாடமும் உண்டு. நம் சி4, இ4 சிப்பாய்கள் கடந்துபோய்விட்டதால் டி4 கட்டத்தை இனி எந்தச் சிப்பாயாலும் காக்க முடியாது. கருப்போ சி6 ஆடி டி5ஐக் காத்துக்கொள்ளும். ஆகவே மத்தியை மூடுவதென்றால் டி5 தள்ளி மூட வேண்டும். வெட்டி மூடினால் பூட்டு நம் கையில் இருக்காது. இரண்டாவது எச்சரிக்கை எஃப்4 பற்றியது. கருப்பு எஃப்5 ஆடியதும் பதிலுக்கு எஃப்4 ஆடத் தோன்றும். இ சிப்பாய் அதை வெட்டினாலும், இ4க்கு முன்னேற வழி கிடைத்தாலும், நாம் உழைத்து அடைத்த மூலைவிட்டம் ஒரே நகர்த்தலில் திறந்துகொள்ளும். எஃப்4 ஆடுவதற்கு முன், திறந்த பிறகு பிஷப் எதைப் பார்க்கும் என்று கட்டம் கட்டமாக எண்ணிப் பாருங்கள்.

உறுதியான மத்தி: அழுத்தத்தைத் தாங்கிவிட்டு முன்னேறுங்கள்

கருப்பு இ5 ஆடித் தன் பிஷப்பைத் தானே அடைக்காதபோது, அடைக்கும் பொறுப்பு நம் டி4 சிப்பாய்க்கு வருகிறது. இதற்கு மிக எளிய உதாரணம் லண்டன் அமைப்பு: 1.டி4 குதிரை எஃப்6 2.குதிரை எஃப்3 ஜி6 3.பிஷப் எஃப்4 பிஷப் ஜி7 4.இ3 டி6 5.எச்3. தேவைப்படும்போது சி3யும் சேர்ந்தால் டி4 சிப்பாய்க்கு இருபுறமும் சிப்பாய்களின் ஆதரவு கிடைக்கும். ஜி7 பிஷப் டி4ஐப் பார்க்கும், அங்கே சுவரில் முட்டி நிற்கும். நம் கருங்கட்டப் பிஷப் சங்கிலிக்கு வெளியே எஃப்4இல் இருக்கிறது. குதிரை விரட்ட வந்தால் ஒதுங்க எச்2 தயாராக இருக்கிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை இடம். இ4 இல்லாத மத்தி கருப்பை நெருக்குவதில்லை. கருப்பு இ5க்கோ, சி5க்கும் ராணியை பி6க்கு அனுப்பி பி2ஐ அழுத்துவதற்கோ நிதானமாகத் தயாராகலாம். வளரும் ஆட்டக்காரருக்கு இந்த அமைப்பு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கற்றுத்தரும்: பிஷப்பைத் தொடாமலே அதை வேலையற்றதாக்க முடியும். ஆனால் அதற்கு மேல் வெற்றிக்கான திட்டம் ஏ4, ஏ5 போன்ற ராணிப்பக்க முன்னேற்றமாகவோ, உரிய நேரத்தில் இ4 தள்ளுவதாகவோ தனியே வகுக்கப்பட வேண்டும். சுவர் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் மெல்ல மெல்ல முயற்சியை எதிராளியிடம் ஒப்படைப்பார்.

குருன்ஃபெல்ட் தற்காப்பில் இதே கேள்வி கடுமையான வடிவில் வருகிறது. 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 ஜி6 3.குதிரை சி3 டி5 4.சிப்பாய் டி5ஐ வெட்ட, குதிரை திரும்ப வெட்டுகிறது 5.இ4, குதிரை சி3ஐ வெட்டுகிறது 6.பி சிப்பாய் திரும்ப வெட்ட, பிஷப் ஜி7. சி3, டி4, இ4 என்ற கம்பீரமான மத்தி நமக்கு. அதன்மேல் சி5, குதிரை சி6 என்று அழுத்தம் குவிக்கும் உரிமை கருப்புக்கு. இங்கே 7.குதிரை எஃப்3 சி5 8.யானை பி1 என்ற வழி மூலைவிட்டச் சிந்தனைக்கு அருமையான பாடம். ஏ1இல் இருந்த யானை நீண்ட மூலைவிட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பிஷப்பின் பார்வைக்கு நேராக நின்றது. ஒரு கட்டம் நகர்ந்ததும் அந்தப் பார்வையிலிருந்து விலகுகிறது, பி7 சிப்பாயையும் அழுத்துகிறது. 8...கோட்டை 9.பிஷப் இ2, குதிரை சி6 என்று கருப்பு டி4ஐ மேலும் அழுத்தினால் 10.டி5 தள்ளலாம். சி3 சிப்பாய் காவலின்றி நிற்கிறது. பிஷப் ராஜாவுக்கு முற்றுகை வைத்தபடி அதை வெட்டலாம். வெட்டினால் 11.பிஷப் டி2 ஆடிப் பரிமாற்றம் கேட்கிறோம். கருப்பு டி2இல் வெட்ட, ராணி திரும்ப வெட்டுகிறது. ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் கருப்பு ராஜாவைச் சுற்றியுள்ள கருங்கட்டங்களுக்குக் காவல் இல்லை, நம் மத்தி அசையாமல் நிற்கிறது, 12...குதிரை ஏ5க்குப் பின் 13.எச்4 தாக்குதல் கூர்மையாகிறது. எதிராளியின் பிஷப்பை அகற்ற ஒரு சிப்பாயையே கொடுக்கலாம் என்பதை நாம் ஏற்கிறோம். எப்போது? மத்தி நமக்கு உறுதியாக இருந்து, அந்தப் பிஷப் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தபோது.

1970இல் சீகன் ஒலிம்பியாடில் போரிஸ் ஸ்பாஸ்கி ஃபிஷரின் குருன்ஃபெல்டை வென்ற ஆட்டமும் இதே அறிவைத் தருகிறது. ஸ்பாஸ்கி 7.பிஷப் சி4 ஆடி, குதிரையை எஃப்3க்கு அனுப்பாமல் இ2இல் வைத்தார். எஃப்3இல் இருந்திருந்தால் கருப்பின் பிஷப் ஜி4க்கு வந்து அதைக் கட்டிப்போட்டு, டி4இன் காவலைக் குறைத்திருக்கும். இ2 குதிரை, இ3 பிஷப், சி3 சிப்பாய் மூன்றும் டி4ஐத் தாங்கின. யானை சி1க்குப் போனது. அதன் பிறகே எஃப்4, பின்னர் ஜி4 என்று ராஜாப் பக்கத்தில் முன்னேறினார். ஃபிஷர் போன்ற ஒருவர் குருன்ஃபெல்டில் டி4ஐ உடைக்க முடியாமல் இ6, எஃப்5 என்று தற்காப்புச் சிப்பாய் நகர்த்தல்களுக்குத் தள்ளப்பட்டார். தாக்குதல் 16ஆம் நகர்த்தலில் ஜி4 உடன் தொடங்கியதாகத் தோன்றினாலும், அதற்கான உரிமை அதற்கு முந்தைய பத்து நகர்த்தல்களில் மத்தியில் சம்பாதிக்கப்பட்டது.

திறந்த மத்தி: பரிமாற்றம் அவசியம், ஆனால் முன்தயாரிப்போடு

சிசிலியன் டிராகனில் நிலைமை தலைகீழ். 1.இ4 சி5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4, சிப்பாய்கள் பரிமாற்றம் 4.குதிரை டி4இல் வெட்டி நிற்க, குதிரை எஃப்6 5.குதிரை சி3 ஜி6. நம் டி சிப்பாய் போய்விட்டது. டி4இல் இனிச் சிப்பாய் வராது; இ5இல் கருப்புச் சிப்பாயும் இல்லை. நீண்ட மூலைவிட்டம் திறந்தே இருக்கிறது. வெள்ளை நீண்ட கோட்டை கட்டினால் ஜி7 பிஷப்பும், சி வரிசையில் வரும் யானையும், சி3இல் யானையைத் தியாகம் செய்யும் மிரட்டலும் ஒரே இடத்தில் குவிகின்றன. இத்தகைய நிலையில் பிஷப்பை அடைக்க வழியில்லாததால் அதைப் பரிமாறுவதுதான் சரியான உத்தி. பிஷப் எச்6 என்ற நகர்த்தலுக்கு உரிய வீடு இதுதான். கருப்பும் இந்த உண்மையை அறிந்தே, யானையை இ8க்கு முன்கூட்டி நகர்த்தி, பிஷப் எச்6க்கு எதிராகத் தன் பிஷப்பை எச்8க்கு ஒதுக்கிக் காப்பாற்றும் வழியை ஆடுகிறது. ஒரு காயை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்றால் அதன் மதிப்பு அங்கே எவ்வளவு என்று ஊகிக்கலாம். 1995இல் நியூயார்க்கில் நடந்த உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராகக் கஸ்பரோவ் டிராகனைத் தேர்ந்து 11ஆம், 13ஆம் ஆட்டங்களில் கருப்பில் வென்றார். அந்த வெற்றிகளுக்கு ஜி7 பிஷப் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் அத்தகைய மேடையில் ஒரு சாம்பியன் நம்பி இறங்கும் அளவுக்குத் திறந்த மூலைவிட்டம் கருப்புக்கு உயிர் தருகிறது என்பதில் ஐயமில்லை.

இங்கும் வரிசை முக்கியம் என்பதற்கு 1974இல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. கார்போவ் வெள்ளை, கோர்ச்னோய் கருப்பு. 14ஆம் நகர்த்தலில் எச்5 ஆடி ஒரு சிப்பாயைக் கொடுத்து எச் வரிசையைத் திறந்தார் கார்போவ். ஜி4 ஆடிக் குதிரையை எஃப்6க்குத் திருப்பி அனுப்பினார். பலரும் அப்போதே பிஷப் எச்6 ஆடியிருப்பார்கள். அவரோ 16ஆம் நகர்த்தலில் டி4 குதிரையை இ2க்குப் பின்வாங்கினார். முன்னேறி நின்ற காயைத் தாக்குதலின் நடுவில் பின்னால் இழுப்பது கூச்சமான நகர்த்தலாகத் தோன்றலாம். அதன் பயன் சி3க்கு இன்னொரு காவல்: இனி யானை அங்கே தியாகம் செய்தால் குதிரையால் வெட்டிக்கொள்ளலாம், நம் சிப்பாய் அமைப்பு சிதையாது. கருப்பின் ஒரே பெரிய எதிர்வாய்ப்பு மங்கிய பிறகே 17.பிஷப் எச்6. பரிமாற்றம் நடந்து ராணி எச்6க்கு வந்ததும், 19ஆம் நகர்த்தலில் யானை டி3. இப்போது சி3இன் காவலை யானை ஏற்றதால் இ2 குதிரை எஃப்4ஐ நோக்கிப் போக விடுதலை பெற்றது. அடுத்து ஜி5, யானை டி5 என்ற கூர்மையான நகர்த்தல்கள் வந்து, 27ஆம் நகர்த்தலில் கோர்ச்னோய் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆட்டத்தின் பெருமை அந்தத் தியாகங்களில் இருப்பதாகச் சொல்வார்கள். பாடமோ 16ஆம், 19ஆம் நகர்த்தல்களில் இருக்கிறது. ஜி7 பிஷப் எதைத் தாக்கி வந்ததோ அதைக் காத்த பிறகுதான் ஜி7 பிஷப்பையே அவர் தேடிப் போனார்.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு வலுவானது: 1999இல் வைக் ஆன் ஸீயில் கஸ்பரோவ் டோபலோவை வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தில், பிர்ட்ஸ் தற்காப்புக்கு எதிராக எட்டாவது நகர்த்தலிலேயே பிஷப் எச்6 ஆடப்பட்டதே, மத்தி தீர்மானமாகாதபோது அவரே பரிமாறவில்லையா? பரிமாறினார். என்ன கிடைத்தது என்று பார்ப்போம். கருப்பு இன்னும் கோட்டை கட்டியிருக்கவில்லை. வெள்ளை ராணி எச்6இல் வந்து நின்றதும் டோபலோவ் ராஜாப் பக்கத்தைத் தவிர்த்து 13ஆம் நகர்த்தலில் நீண்ட கோட்டை கட்டிக்கொண்டார். எச்6 ராணி அங்கே யாரையும் தாக்கவில்லை. அது பின்னர் எஃப்4க்குத் திரும்பி வந்துதான் ஆட்டத்தில் சேர்ந்தது. டி4இல் யானைத் தியாகம் தொடங்கி, கருப்பு ராஜா வெள்ளையின் முதல் வரிசை வரை துரத்தப்பட்ட அந்த அற்புதம் ராணிப் பக்கத்தில் நிகழ்ந்தது. ஆக, அந்தப் பரிமாற்றம் ராஜாப் பக்கத் தாக்குதலாக மாறவில்லை. எதிராளி இன்னும் கோட்டை கட்டாதபோது பிஷப்பைப் பரிமாறினால் அவர் ராஜாவை வேறு பக்கம் கொண்டுபோவார் என்பதையே அது காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு எச் சிப்பாயைப் பற்றியது. மத்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதைவிட, ஜி6 என்ற கொக்கியை எச்4, எச்5 என்று நேரடியாகத் தாக்குவது எளிது, இன்றைய ஆட்டக்காரர்கள் மூன்றாவது நகர்த்தலிலேயே எச்4 ஆடுகிறார்கள் என்று சொல்லலாம். அந்த நகர்த்தலை நானும் மதிக்கிறேன். ஆனால் அது பலிக்கும் ஆட்டங்களைக் கூர்ந்து பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும். மத்தி பூட்டியிருப்பதால் கருப்பால் அங்கே பதிலடி தர முடியாத நிலை ஒன்று. கருப்பு அஞ்சி எச்5 ஆடித் தடுக்க, அதனால் ஜி5 கட்டம் வெள்ளையின் பிஷப்புக்கோ குதிரைக்கோ நிலையான இருப்பிடமாகும் நிலை மற்றொன்று. இரண்டாவது முழுக்க நிலையியல் சார்ந்த லாபம். ராஜாவைத் தாக்காமலே கிடைத்த கட்டம். மத்தி திறந்திருக்கும்போது எச் சிப்பாயை ஓட்டினால், கருப்பு சி5 அல்லது டி5 ஆடி மத்தியைக் கிழிக்கும், அந்நேரம் எச்5இல் நிற்கும் நம் சிப்பாய் எந்த உதவிக்கும் வராது. எனவே எச்4 என்பதும் மத்தியின் அனுமதி பெற்ற பிறகே ஆட வேண்டிய நகர்த்தல்.

மூன்றாவது மறுப்பு, மூடிய மத்தியில் கருப்பின் தாக்குதல் ராஜாவைக் குறிவைக்கிறது, நம்முடையது ஒரு சிப்பாயைத்தான் குறிவைக்கிறது, ஓட்டப்பந்தயத்தில் ஒரு நகர்த்தல் பிந்தினால் அவர்களுக்கு ஒரு சிப்பாய் போகும், நமக்கு ஆட்டமே போகும் என்பது. இதில் உண்மை உண்டு. கிராம்னிக்கின் வெற்றிகளுக்குப் பிறகும் 2000களில் தைமூர் ரஜபோவ் பயோனெட் வழிக்கு எதிராகவே கிங்ஸ் இந்தியனை ஆடி அதற்குப் புத்துயிர் தந்தார். மூடிய மத்தி வெள்ளைக்கு வெற்றியை உறுதிசெய்வதில்லை. அது தருவது, எதிராளியின் ஒரு காயை நீண்ட நேரம் வேலையற்றதாக வைத்திருக்கும் வசதி. அந்த வசதியைப் பயன்படுத்துபவர் சி5ஐ நோக்கி வேகமாகப் போக வேண்டும், எஃப்5 தள்ளுதலைக் கட்டாலோ குதிரையாலோ தாமதப்படுத்த வேண்டும், சி8 பிஷப்பை எப்போதும் கண்ணில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பந்தயம் மனத்துக்கு ஒவ்வாதவர்களுக்கு லண்டன் போன்ற உறுதியான மத்தி இருக்கிறது. எந்த மத்தி என்பது அவரவர் மனப்பாங்கு. மத்தியைத் தேர்ந்த பிறகே பிஷப்பைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது.

பலகையில் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆட்டத்தில் கடிகாரம் ஓடும்போது இவ்வளவும் நினைவுக்கு வராது. ஆகவே மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். முதலாவது: நீண்ட மூலைவிட்டத்தில் ஜி7 பிஷப்பை இப்போது நிறுத்தியிருப்பது யாருடைய சிப்பாய்? கருப்பின் சிப்பாய் என்றால் பரிமாற்றத்தைத் தவிர்த்து, பலகையின் மறுபக்கத்தில் ஆடுங்கள். நம் சிப்பாய் என்றால் அதற்குப் போதிய காவல் உண்டா என்று எண்ணுங்கள், ஏ1 யானை, சி3 குதிரை, பி2 சிப்பாய் ஆகியவை பார்வையில் சிக்கியுள்ளனவா என்று பாருங்கள். எந்தச் சிப்பாயும் இல்லையென்றால் பிஷப்பைப் பரிமாறத் தயாராகுங்கள். இரண்டாவது: அடுத்த சில நகர்த்தல்களில் அந்தச் சிப்பாயை அசைக்கும் வழி யாரிடம் இருக்கிறது? எஃப்5, சி5, இ5 ஆகிய மூன்று தள்ளுதல்களில் கருப்பு எதற்குத் தயாராகிறது என்று கண்டால் நம் காய்களின் இடம் தெளிவாகும். மூன்றாவது: பரிமாறினால் அதன்பின் எஃப்6, எச்6 கட்டங்களுக்கு வர நம்மிடம் ராணியைத் தவிர வேறு காய் இருக்கிறதா? ராணி மட்டுமே எச்6இல் தனித்து நின்றால் அது தாக்குதல் ஆகாது. குதிரையோ, திறந்த எச் வரிசையில் யானையோ துணைக்கு வர வேண்டும்.

இந்த அத்தியாயத்தை முடிக்கும் முன் மூன்று நிலைகளைப் பலகையில் அடுக்குங்கள்: கிங்ஸ் இந்தியனில் 8...குதிரை இ7க்குப் பிந்தைய நிலை, குருன்ஃபெல்டில் 8.யானை பி1க்குப் பிந்தைய நிலை, கார்போவ்–கோர்ச்னோய் ஆட்டத்தில் 16.குதிரை இ2க்குப் பிந்தைய நிலை. கணினியைத் திறக்காமல், ஒவ்வொன்றிலும் ஜி7 பிஷப்பை அகற்ற நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள்: ஒன்றுமில்லை, ஒரு நகர்த்தல், ஒரு சிப்பாய், அல்லது அதற்கும் மேல். காரணத்தை மத்தியச் சிப்பாய்களைக் கொண்டே எழுத வேண்டும். ராஜாவின் பாதுகாப்பை அதற்குப் பிறகு சேர்க்கலாம். எழுதி முடித்ததும் கணினியோடு ஒப்பிடுங்கள். மதிப்பெண் மாறுபட்டால் கவலை வேண்டாம், எந்தச் சிப்பாயைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று தேடுங்கள். மூன்று நிலைகளுக்கும் மூன்று வேறு விடைகள் வந்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை இன்னொருவருக்குத் தடுமாறாமல் விளக்க முடிந்தால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.